கம்ப்ரஸர் அமுக்கவில்லையா? சிப்பைக் கழற்றும் முன்

வீட்டில் கட்டிய ஸ்டீரியோ கம்ப்ரஸர் (சத்தம் கூடும்போது தானாகவே குறைத்து, ஒலியை அமுக்கும் பெட்டி), முதல் முறை மின்சாரம் கொடுத்ததுமே ஒழுங்காக வேலை செய்வது அபூர்வம். இடது பக்கம் சத்தம் குறைவாக வரும், அல்லது வலது பக்கம் இரையும், அல்லது மீட்டர் ஊசி அசையவே அசையாது. அதில் பயப்பட ஒன்றுமில்லை. அதைச் சரிசெய்யப் போய் நாம் செய்கிற தவறுகள்தான் ஒரு மணி நேர வேலையை ஒரு வாரத்துக்கு இழுத்துவிடுகின்றன.

நான் கட்டிய முதல் பெட்டியில் இடது பக்கம் அமுங்கவே இல்லை. ஓப்-ஆம்ப்பை (சிக்னலைப் பெருக்கும் சிப்) மாற்றினேன், டயோடுகளை மாற்றினேன், மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஒலியைக் கூட்டிக் குறைக்கும் விசிஏ சிப்பையும் மாற்றினேன். மூன்று இரவுகள் போயின. கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை அந்த விசிஏவுக்குக் கொண்டுபோகும் ஒரே ஒரு ரெசிஸ்டரின் காலில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் கோளாறு. கழற்றிய சிப்புகளில் ஒன்றுகூடக் கெட்டிருக்கவில்லை. ஆனால் கழற்றும்போது போர்டில் இரண்டு செம்புத் தடங்கள் பெயர்ந்துவிட்டன.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட விஷயம் இது: கம்ப்ரஸர் என்பது ஒரு சர்க்யூட் இல்லை, இரண்டு. ஒலி போகும் பாதை ஒன்று. அந்த ஒலியை அளந்து, எவ்வளவு குறைக்க வேண்டும் என்று சொல்லும் சைடுசெயின் இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று பாதிப்பதால், சேர்த்து வைத்துக்கொண்டு தேடினால் எது காரணம், எது விளைவு என்றே தெரியாது. முதலில் பிரியுங்கள்.

பிரிப்பது சுலபம். சைடுசெயினிலிருந்து விசிஏவுக்கு வரும் ரெசிஸ்டரின் ஒரு காலைத் தூக்கிவிட்டு, விசிஏவின் கட்டுப்பாட்டு முனையைக் கிரவுண்டோடு இணையுங்கள். ஓப்-ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் வெளியீட்டையே கிரவுண்டில் ஒட்ட வேண்டாம். தட் 2180 போன்ற விசிஏவில் இரண்டு கட்டுப்பாட்டு முனைகளும் 0 வோல்ட்டில் இருந்து, உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் இருக்கும் ரெசிஸ்டர்கள் சம மதிப்பாக இருந்தால், உள்ளே போன அளவே வெளியே வர வேண்டும். அப்படி வந்து, ஒலியும் சுத்தமாக இருந்தால், ஒலிப் பாதையைத் தொடவே வேண்டாம். கோளாறு சைடுசெயினில்தான்.

அப்புறம் கிரவுண்டு இணைப்பை எடுத்துவிட்டு, தூக்கிய காலைத் திரும்பப் பற்றவைத்து, சைடுசெயினைப் பாருங்கள். அந்த விசிஏவில் 1 டெசிபெலுக்கு ஏறக்குறைய 6.1 மில்லிவோல்ட். 10 டெசிபெல் அமுக்கும்போது முனையில் 61 மில்லிவோல்ட் மாற்றம் தெரிய வேண்டும். எந்த முனை என்பதைப் பொறுத்துக் குறி மாறும். சாதாரண மல்டிமீட்டரே இதற்குப் போதும். ஒரே சைடுசெயின் இரண்டு விசிஏக்களையும் ஓட்டுகிற சர்க்யூட் என்றால் இரண்டு முனைகளிலும் அளவு ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒன்றில் 61, மற்றதில் 0 என்றால், தேட வேண்டிய இடம் சில சென்டிமீட்டர்தான். இந்த ஒரு அளவை அன்று எடுத்திருந்தால் எனக்கு அந்த மூன்று இரவுகளும் மிஞ்சியிருக்கும்.

ஸ்டீரியோவில் ஒரு பெரிய வசதி உண்டு. பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. நல்ல நிலையில் இருக்கும் பக்கம்தான் உங்களுடைய வழிகாட்டி. ஒரே சிக்னலை இரண்டு பக்கமும் கொடுத்து, ஒவ்வொரு புள்ளியாக ஒப்பிட்டுக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் இரண்டும் வேறுபடத் தொடங்குகிறதோ அங்கே நில்லுங்கள். இதற்கு 1 கிலோஹெர்ட்ஸ் கொடுக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. விலை குறைந்த மல்டிமீட்டர்கள் பல, ஏசி அளவில் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகக் காட்டாது. 200 அல்லது 300 ஹெர்ட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரே சிக்னலைக் கொடுக்கும்போதுதான் ஒரு வினோதமான கோளாறும் வெளியே வரும். இடது மட்டும் கொடுத்தால் அமுக்குகிறது, வலது மட்டும் கொடுத்தாலும் அமுக்குகிறது, இரண்டும் சேர்த்துக் கொடுத்தால் பேசாமல் இருக்கிறது. சில சர்க்யூட்டுகள் இரண்டு பக்க ஒலியையும் முதலில் கூட்டிவிட்டு அப்புறம்தான் அளக்கும். ஒரு பக்கத்து எக்ஸ்எல்ஆர் இணைப்பியில் (மைக் ஒயரில் வரும் மூன்று பின் இணைப்பி) 2, 3ஆம் பின்கள் இடம் மாறியிருந்தால் அந்தப் பக்கத்து அலை தலைகீழாகிவிடும். கூட்டும்போது ஒன்றையொன்று அழித்துவிடும். நடுவில் நிற்கும் குரலும் டிரம்மும் சைடுசெயினுக்குக் கேட்கவே கேட்காது. சிப்பில் ஒன்றுமில்லை, இரண்டு ஒயர்களை மாற்றிப் பற்றவைத்தால் சரியாகிவிடும்.

மின்வழங்கி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதைத் தள்ளிவிடாதீர்கள். +15 வோல்ட்டை நிலையாகத் தரும் ரெகுலேட்டரான 7815இன் கால்கள் உள்ளீடு, கிரவுண்டு, வெளியீடு என்ற வரிசை. −15 வோல்ட் தரும் 7915 அப்படியில்லை: கிரவுண்டு, உள்ளீடு, வெளியீடு. அதன் உலோகப் பட்டையும் உள்ளீட்டோடு சேர்ந்தது. மைக்கா தகடு இல்லாமல் பெட்டியில் திருகினால் எதிர்மறை மின்வழங்கி நேராக உறையில் ஷார்ட் ஆகும். இன்னொன்று, ±15 வோல்ட்டுக்கு 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரைப் பொருத்துவது. 12ஐ 1.414ஆல் பெருக்கினால் 17, டயோடு போக ஏறக்குறைய 16. ரெகுலேட்டருக்கு அதன் வெளியீட்டைவிட 2 வோல்ட்டாவது மேலே வேண்டும். அது கிடைக்காததால் ரிப்பிள் (மின்வழங்கியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) அப்படியே ஒலிக்குள் வந்துவிடும்.

சிப்புகளைச் சாக்கெட்டில் செருகும் முன்பே மின்சாரம் கொடுத்து அளந்துவிடுங்கள். இரட்டை ஓப்-ஆம்ப் சாக்கெட்டில் 8ஆம் காலில் +15, 4ஆம் காலில் −15. அளந்த பிறகு மின்சாரத்தை நிறுத்தி, கெபாசிட்டர்கள் இறங்கும்வரை பொறுத்திருந்து அப்புறம் செருகுங்கள். விசிஏ ஒற்றை வரிசை 8 கால் சிப். தலைகீழாகவும் செருக முடியும், அப்படிச் செருகினால் பிழைப்பது கடினம்.

ஹம் வந்தால் காதாலேயே பாதி கண்டுபிடித்துவிடலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில், மென்மையான 50 ஹெர்ட்ஸ் முனகல் என்றால் கிரவுண்டு லூப் (கிரவுண்டு இரண்டு வழிகளில் இணைந்து உண்டாகும் வளையம்) அல்லது டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம். கொரகொரவென்ற 100 ஹெர்ட்ஸ் என்றால் மின்வழங்கியின் ரிப்பிள். 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் இவை 60, 120 ஆகும். ஹம்மை நிறுத்துவதற்காகப் பிளக்கின் எர்த்தைத் துண்டிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளே ஒரு ஒயர் கழன்று உறையைத் தொட்டால், உயிரைக் காப்பது அந்த எர்த்தான்.

“நல்ல சிப்” போடுகிறேன் என்று கிடைத்த இடத்திலெல்லாம் டிஎல்072 என்ற ஓப்-ஆம்ப்பை எடுத்துவிட்டு என்இ5532 போடுவது இன்னொரு தவறு. ஒலிப் பாதையில் பெரும்பாலும் பரவாயில்லை. சைடுசெயினில் ரிலீஸ் நேரத்தை (சத்தம் தணிந்தபின் அமுக்குவதை விட எடுக்கும் நேரம்) தீர்மானிக்கும் கெபாசிட்டரை அடுத்த ஓப்-ஆம்ப்பில் அது ஒத்துவராது. என்இ5532இன் உள்ளீடு வழக்கமாக 200 நானோஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் எடுக்கும். அது 1 மெகா ஓம் வழியாகப் போனால் 0.2 வோல்ட் பிழை. டிஎல்072 எடுப்பது பிக்கோஆம்பியர் கணக்கில். ரிலீஸ் நேரம் தப்பும், ஊசி சுழிக்குத் திரும்பாது. அதே இடத்தில் துடைக்காமல் விட்ட ஃபிளக்ஸும் (ஈயம் பிடிக்க உதவும் பசை) கசிவைக் கொடுக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுப் பழைய பல் துலக்கியால் தேய்த்துவிடுங்கள்.

கடைசியாக, கோளாறே இல்லாத ஒன்றைக் கோளாறு என்று நினைப்பது. அட்டாக்கும் (அமுக்கத் தொடங்கும் வேகம்) ரிலீஸும் மிக வேகமாக இருக்கும்போது கனமான பேஸ் கரகரக்கும். 50 ஹெர்ட்ஸ் அலை ஒன்று முடிய 20 மில்லிசெகண்ட் ஆகிறது. அதற்குள்ளேயே கம்ப்ரஸர் இறங்கி ஏறினால், ஒலியின் அளவோடு நிற்காமல் அலையின் வடிவத்தையே அது மாற்றிவிடும். எந்தக் கம்ப்ரஸரும் அப்படித்தான் நடக்கும். ரிலீஸை நீட்டிப் பாருங்கள். கரகரப்பு அடங்கினால், சால்டரிங் இரும்பை அணைத்துவிட்டு உறையை மூடலாம்.