வன்னியில் தாயும் வளர்ந்த மகளும்: மனம் விட்டுக் கதைப்பதற்கு ஒரு வழிகாட்டி

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் இருபது வயதைத் தாண்டிய ஒரு மகளுக்கும் நாற்பத்தைந்தை நெருங்கும் அவளுடைய தாய்க்கும் இடையிலுள்ள தூரத்தை வயதுக் கணக்கால் மட்டும் அளக்க முடியாது. போர் முடிந்த 2009இல் மகள் நான்கைந்து வயதுப் பிள்ளை. தாய் அவளைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வோர் ஊராக விட்டு முள்ளிவாய்க்கால் வரை போனவள். பின்னர் செட்டிக்குளத்தில், இடம்பெயர்ந்தோருக்கான மெனிக் பாம் முகாமின் கூடாரத்துக்குள் அந்தப் பிள்ளையை வளர்த்தவள். அதற்கு முன்னர் பொருளாதாரத் தடைக் காலத்தில், மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை அவளுடையது. மகளோ போரால் மூடிக்கிடந்த ஏ9 வீதி திறந்து, வீட்டுக்கு மின்சாரம் வந்து, கைத்தொலைபேசி கைக்கு எட்டிய பின்னர் உலகத்தை அறிந்தவள். ஆகவே "கவனம் பிள்ளை" என்று தாய் சொல்லும்போது எதை நினைத்துச் சொல்கிறாள் என்பது மகளுக்குத் தெரிவதில்லை. தன்மீது நம்பிக்கை இல்லை என்றே அவள் எடுத்துக்கொள்கிறாள். அந்த அச்சம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தாய் வாய்விட்டுச் சொல்வதும் மகள் இருந்து கேட்பதுமே முதல் வேலை. வீட்டு ஒழுங்குகள், கலியாணம், காசு எல்லாம் அதற்குப் பிறகுதான் சரிவரும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதைச் சொல்வதற்கு ஒரு முறை உண்டு. சண்டை நடக்கும் நேரத்தில், "நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமோ" என்று தாய் தொடங்கினால், அவள் பட்ட துன்பம் மகளின் வாயை அடைக்கும் கருவியாகிவிடும். அதன் பிறகு அந்தக் கதையை மகள் ஒருபோதும் விரும்பிக் கேட்கமாட்டாள். மனம் அமைதியாக இருக்கும் ஒரு நாளில், கைகளுக்கு வேலையும் கண்களுக்கு ஓய்வும் இருக்கும் ஒரு பொழுதில், கச்சான் உடைக்கும்போதோ நெல்லுப் புடைக்கும்போதோ, சிறிய விடயங்களிலிருந்து தொடங்குவது நல்லது. முகாமில் தண்ணீருக்கு எப்படி வரிசையில் நின்றோம், மரத்தடியில் பள்ளிக்கூடம் எப்படி நடந்தது, பதுங்குகுழிக்குள் பிள்ளைகளை என்ன சொல்லி உறங்க வைத்தோம் என்பவற்றைச் சொல்ல முடிந்த தாய், பின்னர் ஒரு நாள் இழப்புகளைப் பற்றியும் சொல்லக்கூடும், சொல்லாமலும் விடக்கூடும். மே மாதத்தில், போரின் கடைசி நாட்களில் மக்கள் குடித்த கஞ்சியின் நினைவாக ஊரெங்கும் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுக்கப்படும் நாட்களில், அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் சேர்ந்த அந்தக் கஞ்சியைக் குடிக்கும் பிள்ளைகள் தாங்களாகவே கேள்வி கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்காமல், அன்றைக்குச் சொல்ல முடிந்த அளவு சொல்லிவிட வேண்டும்.

மகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. "ஏன் எப்பவும் பயப்பிடுறீங்கள்?" என்ற கேள்வி தாயைக் குற்றவாளியாக்குகிறது, "அந்த நேரம் உங்களுக்கு எத்தினை வயசு? ஆர் துணைக்கு இருந்தது?" என்ற கேள்வி அவளைப் பேச வைக்கிறது. தாய் இடையில் நிறுத்தினால் மகளும் நிறுத்த வேண்டும். மிச்சத்தைக் கேட்டு வற்புறுத்துவது, அவள் மூடி வைத்திருப்பதை அவளுடைய விருப்பமின்றித் திறப்பதாகும். கேட்டதை அவளுடைய அனுமதியில்லாமல் முகநூலில் எழுதவும் கூடாது.

அடுத்து, நாள்தோறும் சண்டையை மூட்டுகிற விடயம் வெளியே போய்வருவது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கின்றன. 2021 ஆகஸ்ட் 1 முதல் வவுனியாவுக்கும் தனியான பல்கலைக்கழகம் உண்டு. ஆடைத் தொழிற்சாலைகளில் முறைவேலை செய்யும் பிள்ளைகளும் பலர். முன்னர் ரியூசன் வகுப்போடு முடிந்த பயணம் இப்போது இரவு வரை நீள்கிறது. உள்வீதிகளில் பொழுதுபட்ட பின்னர் பேருந்து அரிது. சில பாதைகளில் யானை நடமாட்டமும் உண்டு. இங்கே தாய் தன்னிடமே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும்: இப்போது நான் பயப்படுவது பிள்ளைக்கு ஏதும் நடந்துவிடும் என்பதற்கா, அல்லது ஊர் என்ன கதைக்கும் என்பதற்கா? இரண்டும் உண்மையான அச்சங்களே. ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கலந்து, ஊர்வாய்க்குப் பயந்துகொண்டு பாதுகாப்பைக் காரணம் சொன்னால் மகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவாள். அதன் பின்னர் உண்மையான ஆபத்தைப் பற்றிச் சொன்னாலும் நம்பமாட்டாள். "றோட்டு இருட்டு, அதுதான் யோசிக்கிறன்" என்றோ, "பக்கத்து வீட்டார் கதைக்கிறது எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு" என்றோ, எது உண்மையோ அதையே சொல்ல வேண்டும். முதலாவதற்குப் பேருந்தும் துணையும் வெளிச்சமும் மருந்து. இரண்டாவதற்குத் தாயும் மகளும் சேர்ந்து ஒரே பதிலை வைத்திருப்பதே மருந்து: எங்கே போகிறாள், ஏன் பிந்துகிறாள் என்று கேட்பவருக்குத் தாயே தலை நிமிர்ந்து, "வேலையால வாறாள், எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டால் பாதிக் கதை அங்கேயே நின்றுவிடும்.

ஒழுங்கைப் பொதுப்படையாகச் செய்யாமல் விபரமாகச் செய்யுங்கள். எந்தப் பேருந்தில் வருவாள், அது தவறினால் ஆரைக் கூப்பிடுவாள், தொலைபேசி சார்ஜ் இறங்கிவிட்டால் யாருடைய தொலைபேசியிலிருந்து சொல்வாள் என்பவற்றை ஒரு முறை இருந்து பேசி முடிவு செய்துவிட்டால், நாள்தோறும் விசாரணை தேவைப்படாது. மகள் பேருந்தில் ஏறியவுடன் "ஏறிட்டன் அம்மா" என்று ஒரு வரி அனுப்புவாள். அந்த வரி வந்த பின்னர் தாய் திரும்பத் திரும்ப அழைக்கமாட்டாள். இருவரும் தத்தம் பங்கைக் காக்க வேண்டும். என்றாவது பிந்தி வந்தால், வாசலில் வைத்துக் கேள்வி கேட்காமல் முதலில் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் என்ன நடந்தது என்று கேட்கும் தாய்க்கு உண்மை கிடைக்கும்.

கைத்தொலைபேசியைப் பறிப்பதும் கடவுச்சொல்லைக் கேட்பதும் வளர்ந்த பிள்ளையிடம் எடுபடாது. அதற்குப் பதிலாக ஒரு வாக்குறுதி போதும்: யாராவது படத்தையோ செய்தியையோ வைத்து மிரட்டினால் மகள் முதலில் தாயிடம் வர வேண்டும், அன்றைக்குத் தாய் ஏசமாட்டாள். இந்த வாக்குறுதியைப் பிரச்சினை வருவதற்கு முன்னரே, வாயால் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். மிரட்டல் வந்தபின் தனியாக ஒளித்துச் சமாளிக்கப் போய்த்தான் பிள்ளைகள் மோசமான முடிவுகளுக்குப் போகிறார்கள். ஆலோசனைக்குப் பெண்களுக்கான 1938 என்ற இலக்கத்தை இருவருமே தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பது நல்லது.

காசு பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. ஒளிக்காமல் இருந்தால் போதும். அடகில் இருக்கும் நகையையும் நுண்கடன் தவணையையும் மகளுக்குத் தெரியாமல் தாய் தனியே சுமந்துகொண்டு, மகளின் சம்பளம் எங்கே போகிறது என்பதை மட்டும் கேட்பது நியாயமாகாது. மாதத்தில் ஒரு நாள் ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு வரவையும் கடனையும் எழுதிப் பாருங்கள். அதில் மகளுக்கென்று, கணக்குக் கேட்கப்படாத ஒரு தொகையும் இருக்கட்டும்.

கலியாணப் பேச்சுத்தான் மிகவும் கடினமானது. போர்க்காலத்தில் பிள்ளைகளை விடுதலைப் புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்பிலிருந்து காப்பாற்றுவதற்காக அவசரம் அவசரமாகக் கலியாணம் செய்துவைத்த குடும்பங்கள் வன்னியில் பல. அவ்வாறு பதினெட்டுக்கு முன்பின்னாகத் தாலி கட்டிய பெண்கள் இன்று தாய்மார். கலியாணம் என்பது பாதுகாப்பு என்ற எண்ணம் அவர்களுடைய மனதில் அப்போதே பதிந்தது. இருபத்திரண்டு வயது மகள் "இன்னும் படிக்க வேண்டும்" என்றால் அவர்களுக்கு ஏற்படும் பதற்றத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. தன் கலியாணம் எந்தச் சூழ்நிலையில் நடந்தது, அப்போது தன்னிடம் விருப்பம் கேட்கப்பட்டதா என்பதைத் தாய் மகளுக்குச் சொல்ல வேண்டும். பெரும்பாலான மகள்மார் அதைக் கேட்ட பின்னர் தாயை வேறு கண்ணால் பார்ப்பார்கள். சொல்லும்போது தாய்க்கும் தன் அவசரம் இன்றைய காலத்துக்குரியதல்ல என்பது புரியலாம். மகளும் "வேண்டாம்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல், எந்தப் படிப்பை எந்த ஆண்டில் முடிக்க நினைக்கிறாள், அதன் பின்னர் என்ன என்பதைச் சொன்னால், தாயால் உறவினருக்குப் பதில் சொல்ல முடியும். வெளிநாட்டு மாப்பிள்ளை பேசி வந்தால், படத்தையும் குறிப்பையும் மட்டும் நம்பாமல், மகள் அவரோடு பல தடவை நேரடியாகக் கதைக்க இடம் கொடுக்க வேண்டும். மகள் தானே ஒருவரை விரும்பினால், முதல் கேள்வி அவர் எந்த ஆட்கள், என்ன சாதி என்பதாக இருக்கக்கூடாது. அவர் எப்படிப்பட்டவர், பிள்ளையை எப்படி நடத்துகிறார் என்பதாக இருக்க வேண்டும். நேரே பேச முடியாத நிலையில் இருவருக்கும் பிடித்த ஒரு சித்தியையோ மாமியையோ நடுவில் வைக்கலாம். ஆனால் அவர் ஒருவரின் சொல்லை மற்றவரிடம் உள்ளபடி கொண்டுபோகும் ஆளாக இருக்க வேண்டும். விருப்பமில்லை என்று மகள் சொன்னால், அதற்குக் காரணம் சொல்ல முடியாவிட்டாலும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தந்தை காணாமல் ஆக்கப்பட்ட வீடுகளில் இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மௌனம் இருக்கிறது. கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் எங்கே என்று கேட்டு 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய போராட்டத்தில் இருந்த தாய்மாரின் பிள்ளைகள் பலர் இன்று வளர்ந்த பெண்கள். தாய் இன்னும் காத்திருக்கிறாள். மகள் அப்பாவின் முகத்தைப் படத்தில் மட்டும் அறிந்திருக்கக்கூடும், அவர் வருவார் என்று நம்ப அவளால் முடியாமலும் இருக்கலாம். இந்த விடயத்தில் ஒருவர் மற்றவரை மாற்ற முயலவே கூடாது. தாய் அப்பாவைப் பற்றி, அவருடைய பழக்கங்களையும் விருப்பங்களையும் பற்றி மகளுக்குச் சொல்லட்டும். மகள் தாயின் காத்திருப்பை மறுத்துப் பேசாமல் இருக்கட்டும்.

சில வீடுகளில் பேச்சு மட்டும் போதாது. தாய்க்கு இரவில் உறக்கம் வராமல், சிறு சத்தத்துக்கும் உடம்பு பதறி, கோபம் அடக்க முடியாமல் வருமானால் அது குணக்கேடல்ல, கவனிக்க வேண்டிய நோய்நிலை. மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடலாம். 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு அழைக்கலாம். வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் மகளோ தாயோ தனியாகவே போய்ச் சொல்லலாம். வைத்தியசாலைக்கு முதல் தடவை போகும்போது மகள் கூடப் போவது தாய்க்குத் தென்பாக இருக்கும். அறைக்குள் வரவா, வெளியே வாங்கில் இருக்கவா என்பதைத் தாயிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.