செபத்துல மனசு நிக்கலயா? அவிலா தெரேசம்மாள் காட்டுற வழி

செபம் பண்ண உக்காந்தா அஞ்சு நிமிஷத்துல மனசு எங்கயோ போயிடுது, வாய் மட்டும் அருள் நிறைந்த மரியேன்னு சொல்லிட்டு இருக்கு, இதெல்லாம் ஒரு செபமான்னு நினைச்சு நிறைய பேர் விட்டுடுறாங்க. நானும் ரெண்டு வருஷம் விட்டிருந்தேன். என்னை திரும்ப கூட்டிட்டு வந்தது அவிலா புனித தெரேசம்மாள்தான், அதனால அவங்க சொன்னத தினசரி எப்படி செய்றதுன்னு எழுதுறேன்.

இவங்க குழந்தை இயேசுவின் தெரேசம்மாள்ங்கிற இன்னொரு புனிதை இல்ல, அவங்களுக்கு 350 வருஷத்துக்கு மேல முந்தினவங்க. 1515ல ஸ்பெயின்ல அவிலாவுல பிறந்து, 20 வயசுல கார்மேல் சபை கன்னியர் மடத்துல சேர்ந்தவங்க. 1970ல திருத்தந்தை ஆறாம் பவுல் இவங்கள மறைவல்லுநரா, அதாவது திருச்சபைக்கே போதிக்கிற ஆசிரியரா அறிவிச்சாரு, பெண்கள்ல அந்த பட்டம் முதல்ல கிடைச்சது இவங்களுக்குத்தான். இப்பேர்ப்பட்டவங்களே பல வருஷம் செபத்துல வறண்டு போய் கிடந்திருக்காங்க. செபத்துல இருக்கறத விட எப்போ மணி அடிக்கும்னுதான் காது போச்சுன்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க. அத படிச்ச அன்னிக்கு எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

முதல்ல, ஆரம்பிக்கும்போதே வார்த்தைய தேடாதீங்க. யார்கிட்ட பேச போறோம்னு ஒரு நிமிஷம் யோசிங்க, அவ்ளோதான். நம்ம மேல அன்பு வச்சிருக்கார்னு நமக்கு தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட தனியா அடிக்கடி போய் நட்பா பேசுறதுதான் செபம்னு தெரேசம்மாள் சொல்றாங்க. பக்கத்துல ஆண்டவர் படம் ஒண்ணு வச்சுக்கோங்க, சும்மா பாக்க மட்டும் இல்ல, அதோட பேசுறதுக்கு. அவங்களுக்கு கற்பனைல உருவம் கொண்டு வரவே வராதாம், அதனால படம் அவங்களுக்கு ரொம்ப பிடிக்கும். கையில புத்தகம் இல்லாம செபத்துக்கு போகவே பயந்த காலமும் இருந்திருக்கு, சில நாள் தொறந்தாலே போதும் மனசு அடங்கிடுமாம். அதனால பைபிள்ல ஒரு பத்தி வாசிச்சுட்டு ஆரம்பிக்கிறதுல தப்பே இல்ல.

ரெண்டாவது, தெரிஞ்ச செபத்தையே மெதுவா சொல்லுங்க. "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" இந்த ஒரு வரியிலயே எவ்ளோ நேரம் வேணாலும் நிக்கலாம். மனசுக்குள்ள தியானம் பண்ணவே வராம வாய்விட்டு மட்டும் செபிச்ச ஒரு வயசான சிஸ்டர் இந்த செபத்தை வச்சே ரொம்ப ஆழமான செபத்துக்கு போயிட்டாங்கன்னு தெரேசம்மாள் ஆச்சரியப்பட்டு எழுதியிருக்காங்க.

பராக்கு வரும், அதாவது கவனம் சிதறும், கண்டிப்பா வரும். அதோட சண்டை போடாதீங்க. மில்லு ஓடுற சத்தம் மாதிரி மனசு கடகடன்னு ஓடட்டும், நாம நம்ம மாவ அரைச்சிட்டு இருப்போம்ங்கிறதுதான் அவங்க சொல்றது. போனது தெரிஞ்சதும் திரும்ப வந்துடுங்க, இருபது தடவ போனா இருபது தடவ. ஐயோ போயிட்டேனேன்னு உங்களையே திட்டிட்டு இருந்தா அதுவும் இன்னொரு பராக்குதான்.

இப்போ எனக்கு ரொம்ப முக்கியமா படறது. செபத்த ஒரு தோட்டத்துக்கு தண்ணி பாய்ச்சுற மாதிரி அவங்க சொல்றாங்க, நாலு வழி இருக்கு, கிணத்துல இருந்து கையால இறைக்கலாம், சக்கரம் சுத்தி இறைக்கலாம், ஆத்துல இல்ல ஓடையில இருந்து பாயலாம், இல்ல மழையே பெய்யலாம். ஆரம்பத்துல இருக்கறவங்களுக்கு கிணறுதான், கை வலிக்கும், சில நாள் வாளி காலியாவே மேல வரும். தோட்டம் ஆண்டவரோடது, நாம வாளி விட்டதையே அவர் பாக்கறாரு, மழை எப்போ பெய்யணும்ங்கிறது அவர் கையில. நாம எல்லாரும் முதல் நாளே மழைய எதிர்பாத்து உக்காந்துட்டு வரலன்னதும் எழுந்து போயிடுறோம், நானும் அப்படித்தான் போனேன். அதனால ஒரு நேரம் முடிவு பண்ணுங்க, பதினஞ்சு நிமிஷம்னா பதினஞ்சு, ஒண்ணுமே தோணலன்னாலும் அது முடியாம எழுந்துக்காதீங்க.

பாவம் பண்ணிட்டேன், எந்த மூஞ்சிய வச்சுட்டு செபம் பண்றதுன்னு மட்டும் நிறுத்திடாதீங்க. தெரேசம்மாள் அப்படித்தான் தாழ்ச்சின்னு நினைச்சு ஒரு வருஷத்துக்கு மேல தனி செபத்த விட்டாங்க, அப்புறம் டொமினிக்கன் சபை குரு ஒருத்தர் சொல்லித்தான் திரும்ப ஆரம்பிச்சாங்க. தன் வாழ்க்கையிலேயே மோசமான சோதனை அதுதான்னு பின்னாடி சொல்றாங்க. குருகிட்ட பாவத்த சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணுங்க, அன்னிக்கே செபத்துக்கும் உக்காருங்க.

வேலை நேரத்துக்கு தனியா ஒண்ணும் வேணாம். சமையல்கட்டுல வேலை இருந்தா அங்க சட்டி பானைக்கு நடுவுலயும் ஆண்டவர் இருக்காருன்னு தன் சிஸ்டர்ஸ்கிட்ட சொன்னவங்க அவங்க. அடுப்பு பத்த வைக்கும்போது ஒரு தடவ, பாத்திரம் கழுவும்போது ஒரு தடவ, "ஆண்டவரே இங்கதான இருக்கீங்க"ன்னு மனசுல சொல்லுங்க.

செபத்துக்கு நடுவுல வீட்ல யாருக்காவது முடியாம போய் கூப்பிட்டா உடனே எழுந்து போங்க, பக்தி போயிடுமேன்னு தயங்க வேணாம், உடம்புக்கு முடியாத சிஸ்டருக்கு உதவ முடிஞ்சா பக்திய விட்டுட்டு போய் பாருங்கன்னு அவங்களே தெளிவா சொல்லியிருக்காங்க. கஞ்சி வச்சு குடுத்துட்டு, அவங்க தூங்கினதும், விட்ட வரியில இருந்தே ஆரம்பிச்சுக்கலாம்.