'தெளிவாக' என்று எழுதும் முன் எது மறைத்தது என்று பாருங்கள்

என் மேசைக்கு வரும் கட்டுரைகளில் 'தெளிவாக' என்ற சொல்லுக்கு ஓய்வே கிடையாது. அமைச்சர் தெளிவாக மறுக்கிறார், ஊழல் தெளிவாக அம்பலமாகிறது, மலை தெளிவாகத் தெரிகிறது, ஆசிரியர் தெளிவாக நடத்துகிறார். மதுரையில் ஒரு பத்திரிகைக்குப் பிழை திருத்துவது என் வேலை. ஒற்று மிகுந்து கிடந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஒரே சொல்லை இப்படி வேலை வாங்கினால் பேனா தானாக எழுந்துவிடும். மர்மமில்லை, புதிரில்லை என்று சொல்லத் தமிழில் ஒரு டஜன் சொற்களுக்குக் குறைவில்லை. எதை எங்கே போடுவது என்று புதிதாக எழுத வருகிறவர்கள் கேட்டால் நான் சொல்லிக்கொடுக்கும் வழியை இங்கே எழுதுகிறேன்.

எடுத்த எடுப்பில் சொல்லைத் தேடாதீர்கள். அந்த விஷயம் இதுவரை ஏன் புரியாமல் இருந்தது என்று பாருங்கள். கலங்கிக் கிடந்ததா? யாராவது மறைத்தார்களா? பேசியவர் மழுப்பினாரா? சொல்லே இரண்டு பொருள் தந்ததா? காரணத்தைப் பிடித்துவிட்டால் சொல் பின்னாலேயே வரும்.

கலங்கிக் கிடந்தது என்றால் 'தெளிவு'. தண்ணீருக்கு உரிய சொல் அது. கலங்கிய நீரைத் தெளியவைக்கக் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து வைப்பார்கள்; வண்டல் மெல்ல அடியில் படியும். மயக்கம் தெளிகிறது, போதை தெளிகிறது என்று சொல்லும்போதும் முன்பு ஒரு கலக்கம் இருந்தது என்பது உள்ளே இருக்கிறது. ஆகவே குழம்பிய மனத்துக்கும் சிக்கலான கணக்குக்கும் இந்தச் சொல் பொருந்தும். முதலிலிருந்தே பளிச்சென்று கண்ணில் பட்ட ஒன்றுக்கு இதைச் செலவழிக்க வேண்டாம்.

யாரோ மூடி வைத்தது வெளியே வந்தால் 'அம்பலமானது', 'வெட்டவெளிச்சமானது'. மர்மத்துக்கு நேர் எதிரி இவைதாம். ஆனால் இரண்டிலும் குற்றத்தின் வாடை உண்டு. 'போட்டியில் மாணவியின் திறமை வெட்டவெளிச்சமானது' என்று ஒரு வாக்கியம் வந்தது. அந்தப் பெண் எதையோ திருடிவிட்டுச் சிக்கிக்கொண்டாள் என்றல்லவா படிக்கிறவர் நினைப்பார்? 'வெளிப்பட்டது' என்று மாற்றினேன். மறைக்கும் எண்ணமே இல்லாமல், கூச்சமும் இல்லாமல் செய்தால் 'பட்டவர்த்தனம்'. 'அப்பட்டம்' என்றால் கலப்பில்லாதது. ஆனாலும் இன்றைய வழக்கில் பொய்க்கும் விதிமீறலுக்கும் முன்னால்தான் அது வருகிறது. அப்பட்டமான அன்பு என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். 'பகிரங்கம்' இந்தக் குடும்பத்தில் சேராது. பலர் அறிய என்பது மட்டுமே அதன் பொருள்: பகிரங்க ஏலம், பகிரங்க மன்னிப்பு. பகிரங்கமாக ஒரு மணி நேரம் பேசி யாருக்கும் எதுவும் புரியாமல் செய்ய முடியும். நம் மேடைகள் அதற்குச் சாட்சி.

மழுப்பலுக்கு மாற்று 'திட்டவட்டம்'. இது பேசுகிறவரின் உறுதியைக் காட்டுமே தவிர, சொன்ன விஷயம் நமக்குப் புரிந்ததா என்பதைக் காட்டாது. 'கூட்டணி இல்லை என்று திட்டவட்டமாகக் கூறினார்' என்பது சரி. 'வரைபடம் திட்டவட்டமாகப் புரிந்தது' என்பது தவறு.

பூடகமாக, சாடையாகச் சொல்லாமல் நேரே சொன்னால் 'வெளிப்படை'. ஒப்பந்தப்புள்ளிகள் பற்றிய 1998-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் பெயரிலேயே வெளிப்படைத்தன்மை இருக்கிறது. இலக்கணத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எழுதுகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது அதைத்தான். 'வேங்கை' என்றால் மரமா, புலியா? தனியாக நின்றால் சொல்ல முடியாது. 'வேங்கை பூத்தது' என்றதும் மரம். 'வேங்கை பாய்ந்தது' என்றதும் புலி. கூட ஒரு வினை வந்து நின்றதும் பொருள் வெளிப்படையாகிவிட்டது. உங்கள் வாக்கியம் இரண்டு பக்கமும் இழுத்தால் அடைப்புக்குறிக்குள் நீண்ட விளக்கம் எழுதாதீர்கள். பக்கத்தில் சரியான ஒரு சொல்லை நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். 'மாலை வந்தது' என்று எழுதிவிட்டுத் தவிப்பதைவிட 'மாலை வாடியது' அல்லது 'மாலை மங்கியது' என்று எழுதுவது எளிது.

இனி இரண்டு உவமைகள். 'வெள்ளிடைமலை', 'உள்ளங்கை நெல்லிக்கனி' இரண்டையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் போடுகிறார்கள். வெள்ளிடை என்றால் வெட்டவெளி. ஒத்தக்கடைப் பக்கம் போனால் யானைமலை எப்படி நிற்கிறதோ அப்படி: யாரும் விரல் நீட்டிக் காட்ட வேண்டாம், தேட வேண்டாம், தப்பவும் முடியாது. ஆனால் அந்த மலையில் எங்கே குகை இருக்கிறது, எங்கே சுனை இருக்கிறது என்று நின்ற இடத்திலிருந்து சொல்ல முடியாது. நெல்லிக்கனி அப்படியில்லை. கையில் இருக்கிறது, உருட்டி எல்லாப் பக்கமும் பார்க்கலாம். எல்லோருக்கும் தெரிந்த உண்மைக்கு மலையையும், ஒருவர் முழுவதுமாக அறிந்த விஷயத்துக்குக் கனியையும் வைத்துக்கொள்ளுங்கள். 'விலைவாசி உயர்வு வெள்ளிடைமலை'. 'அவருக்கு இந்த வட்டாரத்தின் கண்மாய்க் கணக்கு உள்ளங்கை நெல்லிக்கனி'. நீங்களே நேரில் பார்த்தது என்றால் உவமையே வேண்டாம், 'கண்கூடு' போதும். பிறர் சொல்லிக் கேட்டதற்கு அந்தச் சொல்லைப் போட்டால் அது பொய்ச்சாட்சி.

விளக்கம், விளங்குதல் பற்றி ஒரு சொல். நன்னூல் நூலுக்குரிய பத்து அழகுகளில் முதலில் 'சுருங்கச் சொல்லல்' என்று வைத்து, அடுத்ததாகவே 'விளங்க வைத்தல்' என்கிறது. பத்துக் குற்றங்களில் 'மயங்க வைத்தல்' வருகிறது. சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் மயங்க வைக்கிறவர்களுக்காகவே பவணந்தியார் அந்த இரண்டு அழகுகளையும் அடுத்தடுத்து வைத்தாரோ என்று எனக்கு ஒரு நினைப்பு. இலங்கைத் தமிழர் இன்றும் 'விளங்குகிறதா' என்றுதான் கேட்பார்கள். நாம் 'புரிகிறதா' என்போம். நம் பக்கத்தில் 'விளங்கினாற்போலத்தான்' என்று யாராவது சொன்னால் அது பாராட்டு இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், பாதி இடங்களில் நான் செய்வது அடிப்பதுதான். 'சாலை பழுதடைந்திருப்பது தெள்ளத்தெளிவாகத் தெரிகிறது' என்று வந்தால் தெள்ளத்தெளிவை நீக்கிவிட்டு, பழுது எப்படி இருக்கிறது என்று எழுதியவரையே கேட்பேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே முழங்கால் ஆழத்தில் பள்ளம் இருக்கிறதா? அதை எழுதினால் போதும். தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நீதிமன்றச் செய்தியில் மட்டும் இப்படிக் கை வைக்காதீர்கள். குற்ற வழக்கில் 'நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டது' என்பது அழகுக்காகச் சேர்த்த தொடர் இல்லை. அரசுத் தரப்பு எட்டியாக வேண்டிய அளவு அது. இடம் போதவில்லை என்று அதைச் சுருக்கித் 'தெளிவாக நிரூபிக்கப்பட்டது' என்று போட்டால் தீர்ப்பில் இல்லாத ஒன்றை அச்சிடுகிறீர்கள். இடம் வேண்டுமானால் தலைப்பைச் சுருக்குங்கள்.