போதை விளம்பரங்களைக் கண்காணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீரியமிக்க செயற்கை ஓபியாய்டுகள் (அபினைப் போலச் செயல்படும் வலிநீக்கிகள்) இணையத்தில் எந்த அளவுக்கு விற்பனைக்குக் காட்டப்படுகின்றன என்று ஒரு மாதம் கண்காணித்த மாணவி ஒருவர், கடலூரிலிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரிக்கு என்னைப் பார்க்க வந்தார். கையில் அட்டவணை, நூற்றுக்கும் மேற்பட்ட விளம்பரங்கள். படங்களை அருகருகே வைத்துப் பார்த்தோம். நீலப் பூப்போட்ட மேசைவிரிப்பு, அதன்மேல் பிளாஸ்டிக் பை, பையின் இடது மூலையில் ஒரு மடிப்பு. விற்பவர் பெயர் மாறியது, விலை மாறியது, மடிப்பு மாறவே இல்லை. நூறு, பன்னிரண்டாகச் சுருங்கியது.

விளம்பரத்தை எண்ணிவிட்டுச் சரக்கை எண்ணியதாக நினைப்பதுதான் முதல் தவறு. அந்தப் பன்னிரண்டிலும் பணத்தைச் சுருட்டிக்கொண்டு எதையும் அனுப்பாதவர்கள் இருக்கலாம்.

"அப்படியானால் ஒன்றை வாங்கிச் சோதித்துவிடலாமா, ஐயா?" என்றார். கூடவே கூடாது. ஆய்வு என்று சொன்னால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் விட்டுவிடாது. இந்த வகையைச் சேர்ந்த ஃபென்டானில், மார்ஃபினைப் போல ஏறத்தாழ 100 மடங்கு வீரியமானது. யானையை மயக்கப் பயன்படும் கார்ஃபென்டானில் 10,000 மடங்கு. வீட்டு மேசையில் பிரித்துப் பார்க்கும் பொருளா அது?

தேடும் பெயர்ப்பட்டியலை முதல் நாள் எழுதியதோடு விட்டுவிடுவதும் தவறு. 2019 மே மாதம் சீனா ஃபென்டானில் குடும்பம் முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதே காலத்தில் நைட்டசீன்கள் என்னும் வேறு வகைச் செயற்கை ஓபியாய்டுகள் தலைதூக்கின. 1950களின் இறுதியில் சுவிஸ் நிறுவனம் ஒன்று கண்டறிந்து, மருந்தாகச் சந்தைக்கு வராமலேயே போனவை அவை. பழைய பட்டியலோடு உட்கார்ந்திருப்பவருக்குக் கடை காலியாகிவிட்டதாகத் தோன்றும்.

அள்ளிப்போடுவதும் ஆபத்துதான். டிராமடால் என்னும் வலி மருந்து 2018இல் நம் 1985ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வந்தது. ஆனால் மார்ஃபினைவிட வீரியம் குறைந்தது. அதையும் கார்ஃபென்டானிலையும் ஒரே பத்தியில் கூட்டினால் எறும்பையும் யானையையும் ஒரே தராசில் நிறுத்த கதைதான். புற்றுநோய் வலிக்கு ஒட்டும் ஃபென்டானில் பட்டை, தடயவியல் கூடங்களுக்கான ஒப்பீட்டு மாதிரி ஆகியவற்றையும் போதைக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். வலி மருந்து நோயாளிக்கு எளிதில் கிடைக்கட்டும் என்றே 2014இல் சட்டத்தைத் திருத்தினார்கள். நம் அட்டவணை அந்த மருந்தை எழுதித் தரும் மருத்துவரை மறுபடி அச்சுறுத்தக் கூடாது.

அறிக்கையில் தள முகவரிகளை அப்படியே அச்சிடுவதைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அது விற்பவனுக்கு இலவச விளம்பரம். மாணவி அவற்றை அங்கேயே நீக்கினார். பிறகு அட்டவணையில் புதிதாக ஒரு பத்தி சேர்த்து, அதன் தலைப்பில் எழுதினார்: "மடிப்பு".