களியை விடுவதும் தவறு, களியை மட்டும் நம்புவதும் தவறு

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒருவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்துவிட்டால் மறுநாளே வீட்டில் இரண்டில் ஒன்று நடக்கிறது. சோறு, களி, சப்பாத்தி என எல்லாத் தானியத்தையும் ஒரேயடியாக நிறுத்திவிடுவார்கள். அல்லது அரிசியை மட்டும் ஒதுக்கிவிட்டு, "கேழ்வரகுதானே, எவ்வளவு சாப்பிட்டாலும் ஒன்றும் செய்யாது" என்று வேளைக்கு வேளை களி கிண்டுவார்கள். நம் பக்கம் அதிகம் நடப்பது இரண்டாவதுதான்.

100 கிராம் கேழ்வரகில் சுமார் 320 கலோரியும் 67 கிராம் மாவுச்சத்தும் இருக்கின்றன. அதே எடைப் பச்சரிசியில் 356 கலோரி, 78 கிராம் மாவுச்சத்து. பெரிய வித்தியாசம் இல்லை. கேழ்வரகு முந்துவது நார்ச்சத்திலும் கால்சியத்திலும்தான். அரிசியில் 10 மில்லிகிராமைக்கூடத் தொடாத கால்சியம் கேழ்வரகில் 360 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அதற்காக அளவில்லாமல் சாப்பிடலாம் என்று ஆகிவிடாது. களியை நாம் மெல்லுவதும் இல்லை. குழம்பில் புரட்டி அப்படியே விழுங்குகிறோம். வயிறு நிறைந்தது தெரிவதற்குள் இரண்டு உருண்டை உள்ளே போய்விடும். அதன் பிறகு "கொஞ்சம் ரசம் சோறு" வேறு. அந்தக் கொஞ்சச் சோறுதான் கணக்கைக் கெடுக்கிறது.

2023இல் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியபோது, 2 கிலோ அரிசிக்குப் பதிலாகத்தான் 2 கிலோ கேழ்வரகு தந்தார்கள். வீட்டுத் தட்டிலும் அப்படித்தான் இருக்க வேண்டும்: களி வந்தால் சோறு குறைய வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2024 உணவு வழிகாட்டுதலில், 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாத் தானியமும் சேர்த்து 250 கிராம் போதும் என்கிறார்கள். வேகவைத்த எடை அல்ல, சமைக்காத எடை. ஐசிஎம்ஆரின் நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வான இந்தியாப் (INDIAB) 2025இல் சொன்னதும் இதை ஒட்டியதுதான். மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், வெள்ளை அரிசியை விட்டுச் சிறுதானிய மாவுக்கு மாறுவதால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால் வகைப் புரதம் வந்தபோதுதான் குறைந்திருக்கிறது.

மாவு எப்படி அரைபடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நைசாக அரைத்து, சலித்து, கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். அதில் வெல்லம் போட்டு "ராகி மால்ட், சத்தானது" என்று சர்க்கரை உள்ளவருக்குக் கொடுப்பது எனக்கு மிகவும் கவலை தரும் பழக்கம். மில்லில் கொஞ்சம் கரகரப்பாக அரைக்கச் சொல்லுங்கள், சலிக்காமல் பயன்படுத்துங்கள். ராகி பிஸ்கட் வாங்கினால் பாக்கெட்டின் பின்புறம் உள்ள பொருள் பட்டியலில் மைதா எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

இனி, தானியத்தையே விட்டவர்கள். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவர் கண்டறிந்தவர்கள் கோதுமையை விட்டாக வேண்டும். அவர்களுக்கும் கேழ்வரகு, சாமை, அரிசிக்குத் தடையில்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் திடீரென்று சோறும் களியும் நிறுத்தினால், சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம். இது விளையாட்டல்ல.

களியை விடாமல் இருக்க நம் மாவட்டங்களுக்கென்று ஒரு காரணமும் உண்டு. இங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். உணவில் கால்சியம் குறைந்தால் ஃபுளோரைடின் பாதிப்பு கூடும். கால்சியம் போதுமான அளவு இருந்தால் குடலிலேயே அதோடு சேர்ந்து, உடம்பில் ஏறுவதைக் குறைக்கும். நல்ல தண்ணீர்தான் முதல் மருந்து, சந்தேகமில்லை. ஆனால் பாலும் அதிகம் வாங்காத வீட்டில் கேழ்வரகையும் நிறுத்திவிட்டால் கால்சியத்துக்கு எங்கே போவது?

களியைவிடத் தொட்டுக்கொள்வது முக்கியம் என்பேன். கேழ்வரகுக் காட்டிலேயே ஊடுபயிராக அவரையும் துவரையும் விதைப்பது நம் வழக்கம். தட்டிலும் அதே ஜோடி இருக்கட்டும்: ஒரு சின்ன உருண்டைக் களி, கிண்ணம் நிறைய அவரைக்கொட்டைக் குழம்பு அல்லது கொள்ளுக் கடைசல், பக்கத்தில் கீரை. வெறும் புளிக்குழம்போடு பெரிய உருண்டையை இறக்கினால் புரதத்துக்கு வழியே இல்லை. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதையும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். கேழ்வரகில் இருக்கும் இரும்புச்சத்து ஏற்கெனவே உடம்பில் சுலபமாகச் சேராது, டீ அதையும் தடுத்துவிடும். முளைகட்டிய கேழ்வரகும் ஒரு துண்டு நெல்லிக்காயும் இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும்.

சாமை வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று இருந்தால் தவிட்டை நன்றாகத் தீட்டி எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்; நார்ச்சத்து பெரும்பாலும் அதோடு போயிருக்கும். லேசாகப் பழுப்பாக இருப்பதை வாங்குங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் அது சீக்கிரம் காறிவிடும், அதனால் மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்கினால் போதும்.