வெளிநாட்டுக்கு போன் போடும்போது கேக்குற டோன்களை தப்பா புரிஞ்சுக்காதீங்க

வெளிநாட்டு நம்பருக்கு கால் பண்றவங்க நிறைய பேரு அங்க ரிங் நல்லா போய்ட்டு இருக்கும்போதே பிஸின்னு நெனச்சு கட் பண்ணிடுறாங்க, எடுக்க ஓடி வந்தவருக்கு மிஸ்டு கால்தான் மிச்சம். நமக்கு கேக்குற ரிங் சத்தம் பெரும்பாலும் நாம கூப்பிடுற நாட்டோட எக்சேஞ்ச்ல இருந்து வருது, அதனால நாட்டுக்கு நாடு மாறும்.

சத்தம் எப்படி இருக்குன்னு பாத்து முடிவு பண்றதுதான் முதல் தப்பு, கவனிக்க வேண்டியது நடுவுல வர்ற இடைவெளியை. பிரிட்டன், இந்தியா, ஆஸ்திரேலியாவுல ரிங் ஜோடியா வரும், ட்ரிங்-ட்ரிங், அப்புறம் 2 செகண்ட் அமைதி. அமெரிக்கா, கனடாவுல 2 செகண்டுக்கு ஒரே நீளமா அடிச்சிட்டு 4 செகண்ட் சத்தமே இருக்காது, லைன் போயிடுச்சுன்னு நெனைக்கிறது இந்த இடத்துலதான். ஜெர்மனியில 1 செகண்ட் "பீ"ன்னு ஒத்தை சத்தம், பிறகு 4 செகண்ட் அமைதி. இதுல ஏமாறாதவங்க கம்மி, ஏன்னா அங்க ரிங்கும் பிஸியும் ரெண்டுமே அதே 425 ஹெர்ட்ஸ் சுருதி, கேக்க ஒரே மாதிரிதான் இருக்கும். பிஸின்னா சத்தமும் அமைதியும் சரிசமமா, அரை செகண்ட் அரை செகண்டா மாறி மாறி வரும். அமைதி நீளமா இருந்தா அது ரிங், தைரியமா காத்திருங்க.

"அஞ்சு ரிங் போச்சு, எடுக்கல"ன்னு எண்ணிக்கை வெச்சு விடுறதும் சரியில்ல. பிரிட்டன்ல அஞ்சு ரிங்னா 15 செகண்ட், ஜெர்மனியில 25, அமெரிக்காவுல 30, அதனால ரிங்கை எண்ணாம கடிகாரத்தைப் பாருங்க, அரை நிமிஷமாவது குடுங்க. அதோட நமக்கு கேக்குற ரிங்கும் அங்க போன் அடிக்கிறதும் ஒரே நேரத்துல நடக்கணும்னு இல்ல, இங்க ஒரு ரிங் கேக்கும்போது அங்க அப்போதான் அடிக்க ஆரம்பிச்சிருக்கலாம்.

டயல் பண்ணதும் கொஞ்ச நேரம் ஒண்ணுமே கேக்கலன்னாலும் பொறுங்க, வெளிநாட்டு கால் நாலஞ்சு நெட்வொர்க் தாண்டி கனெக்ட் ஆகுறதுக்கு சில செகண்ட் ஆகும். பாட்டு கேட்டா யாரோ எடுத்து ஹோல்டுல போட்டுட்டாங்கன்னு நெனைக்காதீங்க, அது காலர் ட்யூனா இருக்கலாம், அதாவது இன்னும் ரிங்தான் போகுது.

பிஸி மாதிரியே ஆனா ரெண்டு மடங்கு வேகமா அடிச்சா, அமெரிக்காவுல அதுக்கு அர்த்தமே வேற, கால் நெட்வொர்க்லயே நின்னுடுச்சு, அந்த ஆளோட போன் வரைக்கும் போகவே இல்ல. அவர் வேற யார்கூடவோ பேசுறார்னு நெனச்சு ஒரு மணி நேரம் காத்திருக்குறது வீண், ஒரு நிமிஷம் விட்டு திரும்ப போடுங்க. பிரிட்டன்ல நிக்காம ஒரே நீட்டா சத்தம் வந்தா அந்த நம்பர் கிடைக்கல, சர்வீஸ்ல இல்லன்னு அர்த்தம், அதை டயல் டோன்னு நெனச்சு மேல நம்பர் அழுத்திட்டே இருக்கக் கூடாது. இத்தாலி லேண்ட்லைன்ல நேர் எதிர், டயல் டோனே விட்டு விட்டு வரும், ரிசீவரை எடுத்ததும் லைன் பிஸி போலன்னு வெச்சுடுவாங்க.

மூணு சத்தம் ஒண்ணை விட ஒண்ணு ஏறி "டூ-டீ-டீஈ"ன்னு வந்தா அடுத்து ஒரு அறிவிப்பு வரப் போகுதுன்னு அர்த்தம், தயவுசெஞ்சு அதைக் கேளுங்க, பாஷை புரியலன்னாலும் பல நாடுகள்ல அடுத்ததா இங்கிலீஷ்ல சொல்லுவாங்க, நம்பர் மாறிடுச்சுன்னா புது நம்பரே அதுல வரலாம். நம்பரே தப்புன்னு சொன்னா முன்னாடி இருக்குற பூஜ்யத்தைப் பாருங்க, பிரிட்டன் ஜெர்மனி நம்பருக்கு நாட்டு கோடு போட்டதும் அந்த பூஜ்யத்தை எடுத்துடணும், இத்தாலி லேண்ட்லைனுக்கு மட்டும் அதை விடாம சேர்த்தே போடணும்.