யார் ரொம்ப நாளாகச் சரக்கு தரவில்லை? ஜாங்கோவில் இன்னொரு டேபிளை வைத்து வரிசைப்படுத்துவது

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாமாவுக்குக் கொலுசு வியாபாரம். வெள்ளியை எடை போட்டுப் பட்டறைகளுக்குக் கொடுப்பார். சிவதாபுரம், பனங்காடு என்று அங்கங்கே கொலுசாகித் திரும்பி வரும். அந்த நோட்டுக் கணக்கை ஜாங்கோவுக்கு (பைத்தானில் வெப் ஆப் எழுதும் ஃபிரேம்வொர்க்) மாற்றிக் கொடுத்தது நான். அவர் கேட்டது ஒன்றுதான்: "மாப்ள, யாரு ரொம்ப நாளா சரக்கு தரலையோ அவங்க பேரு மேல வரணும்."

பட்டறை ஒரு டேபிள், சரக்கு வந்த வரவு இன்னொரு டேபிள். தேதி இருப்பதோ வரவில். (பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும், அதனால் மாடல்களுக்கு, அதாவது டேபிளைக் குறிக்கும் கிளாஸ்களுக்கு, இந்தப் பெயர்கள்தான். ஜாங்கோவின் சொற்களை மட்டும் நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

முதலில் சுலபமான பக்கம். வரவுகளை ஊர்வாரியாக, ஊருக்குள் புதியது மேலே வர:

வரவு.ஆப்ஜெக்ட்ஸ்.ஆர்டர்_பை("பட்டறை__ஊர்", "-தேதி")

இரட்டை அடிக்கோடுதான் அடுத்த டேபிளுக்குப் போகும் வழி. ஒரு வரவுக்கு ஒரே பட்டறை என்பதால் குழப்பமில்லை. வெறும் "பட்டறை" என்று கொடுத்தால் பெயர்வாரியாக வந்துவிடாது. அந்த மாடலின் மெட்டாவில் ஆர்டரிங் இருந்தால் அதன்படி, இல்லையென்றால் ஐடி வரிசை. அப்புறம், வரிசைப்படுத்தியதாலேயே பட்டறையின் விவரம் கூடவே வந்துவிட்டது என்று நம்பாதீர்கள். 200 வரியில் பட்டறைப் பெயரைக் காட்டினால் டேட்டாபேஸுக்கு 200 குவெரி தனியாக ஓடும். செலக்ட்_ரிலேட்டட்("பட்டறை") சேர்த்துவிடுங்கள், எல்லாம் ஒரே குவெரியில் வந்துவிடும்.

மாமா கேட்டது எதிர்ப்பக்கம். பட்டறைகளை ஆர்டர்_பை("வரவு__தேதி") என்று அடுக்கினேன். 12 முறை சரக்கு கொடுத்த பட்டறை 12 முறை வந்து நின்றது. ஒரே மாதிரி வரிகளை நீக்கும் டிஸ்டிங்க்ட் போட்டேன், அசையவில்லை. வரிசைக்குரிய தேதியும் செலக்ட்டுக்குள் போய்விடுவதால் ஒவ்வொரு வரியும் அதற்கு வேறு வரிதான். ஒரு பட்டறைக்கு 12 தேதி இருக்கும்போது எதை வைத்து அடுக்குவது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். மாமாவுக்கு வேண்டியது கடைசித் தேதி:

பட்டறை.ஆப்ஜெக்ட்ஸ்.அனோடேட்(கடைசி=மேக்ஸ்("வரவு__தேதி")).ஆர்டர்_பை("கடைசி")

வரவிலிருந்து பட்டறையைக் காட்டும் ஃபாரின் கீயில் ரிலேட்டட்_நேம் வைத்திருந்தால் "வரவு" இடத்தில் அந்தப் பெயர்.

என் லேப்டாப்பில் எல்லாம் சரி. சர்வரில் ஏற்றிய இரண்டாம் நாள் மாமா ஃபோன்: "கொண்டலாம்பட்டிக்காரரு எங்கடா போனாரு?" புதுப் பட்டறை, வெள்ளி வாங்கிப் போய் இன்னும் ஒரு ஜோடிகூடத் தரவில்லை. வரவே இல்லாததால் கடைசித் தேதி வெற்று (நல்). லேப்டாப்பில் இருந்த எஸ்க்யூலைட் வெற்றைச் சிறியதாக எடுத்து மேலே வைத்திருந்தது. சர்வரில் இருந்த போஸ்ட்கிரெஸ் ஏறுவரிசையில் வெற்றைக் கடைசிக்குத் தள்ளிவிடும். யாரை முதலில் துரத்த வேண்டுமோ அவர் கடைசிப் பக்கத்தில் கடைசி வரியில் நிம்மதியாக இருந்தார். மேலே வைக்கட்டுமா என்று கேட்டேன். "வாங்கிட்டு ஒண்ணுமே தராதவன்தான்டா மொதல்ல!" சரி:

ஆர்டர்_பை(எஃப்("கடைசி").ஏஎஸ்சி(நல்ஸ்_ஃபர்ஸ்ட்=ட்ரூ), "பிகே")

இறங்குவரிசையில் இரண்டு டேட்டாபேஸும் தலைகீழாக நடக்கும். அதனால் எப்போதும் வெளிப்படையாக எழுதிவிடுவது என் பழக்கம். கடைசியில் இருக்கும் பிகே (பிரைமரி கீ, அந்த ஐடிதான்), ஒரே தேதியில் சரக்கு கொடுத்தவர்களுக்காக. அது இல்லாமல் பக்கம் பிரித்தால் ஒருவர் இரண்டு பக்கத்திலும் வரலாம், இன்னொருவர் எதிலும் வராமல் போகலாம்.

அடுத்து, நிலுவை வெள்ளியின்படி அடுக்கக் கேட்டார். கொடுத்த வெள்ளி பற்று என்று இன்னொரு டேபிளில் இருக்கிறது. கொடுத்ததையும் வந்ததையும் ஒரே அனோடேட்டில் சம் (கூட்டல்) போடாதீர்கள். மூன்று பற்று, நான்கு வரவு என்றால் டேபிள்களை இணைக்கும் ஜாயின் 12 வரியாகப் பெருகும். ஒவ்வொரு பற்றும் நான்கு முறை கூட்டப்படும். மேக்ஸ் இதில் தப்பித்துவிடும், சம் மாட்டிக்கொள்ளும். இரண்டு கூட்டலையும் தனித்தனி சப்குவெரியாக எழுதிக் கழியுங்கள். இரண்டையும் கோலெஸ் வைத்துச் சைபராக்கிய பிறகு கழிக்க வேண்டும், ஏனென்றால் வெற்றைக் கழித்தால் விடையும் வெற்று. கொண்டலாம்பட்டிக்காரர் மறுபடி காணாமல் போய்விடுவார்.